செம்மூக்கன்

காஞ்சிரவிளையில் யார் வீட்டு வாசலில் போய்ப் பயறு வித்து கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "எங்ககிட்ட ஏது? எலிசாளுக்க வீட்டில உண்டு." கேட்டவன் ஊருக்குப் புதியவனாக இருந்தால் கையை நீட்டி வழியும் காட்டுவார்கள். பாறசாலையிலிருந்து தெற்கே கனால் கரையோடு நடந்து, சர்ச்சைத் தாண்டினால், ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் ஓடு போட்ட ஒரு சின்ன வீடு. அங்கே போனால் இல்லையென்று வராது. ஒரு ஊர் முழுக்கத் தன் வித்தை ஒரே வீட்டு அடுக்களையில் ஏற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டித் தூங்கியது என்றால் நம்புவீர்களா? காஞ்சிரவிளை அப்படித்தான் தூங்கியது.

வித்து என்றால் கடையில் பளபளவென்று தொங்குகிற பாக்கெட் வித்து அல்ல. இது செம்மூக்கன். முழத்துக்கு மேல் நீளுகிற வெளிர்பச்சைப் பயற்றங்காய். நுனியில் மட்டும் வெற்றிலை போட்ட உதடு போல ஒரு சிவப்பு. தோரன் வைத்தால் தேங்காய் குறைந்தாலும் குறை தெரியாது. ஆரியசாலையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த தளவாய் அண்ணாச்சி, கட்டைப் பிரிக்கும் முன்பே மூக்கைப் பார்த்துவிட்டு, "காஞ்சிரவிளைச் சரக்கு வந்துட்டுல்லா!" என்பார்.

அந்தச் செம்மூக்கனை உண்டாக்கியவள் எலிசாள்தான். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் அவளும் ராஜையனும் வித்துரா பக்கம் கூலிக்குப் போயிருந்தார்கள். ஒருவருடைய பயற்றுத் தோட்டம் வாடல் நோய் வந்து, வேர் அழுகிச் செத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் பிடுங்கித் தீ வைக்கச் சொன்னார் உடைமைக்காரர். வரப்போரத்தில் ஒரே ஒரு கொடி மட்டும், இந்தச் சாவுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போலப் பந்தலேறிக் காய்த்து நின்றது. அதில் முற்றிய நெற்றுகளை எலிசாள் முந்தானையில் முடிந்துகொண்டாள். "எந்தினாடீ நினக்கு ஈ பாழ்ப்பயறு?" என்று மலையாளத்தில் கேட்டு, இதெல்லாம் ஒரு வித்தா என்பது போல உடைமைக்காரர் சிரித்தாராம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவள் பார்த்த வேலையை ராஜையன் பக்கத்தில் நின்று கண்டவன். குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த வயலில் பயறு ஏறிப் பூக்கும்போதே எலிசாள் தடம் தடமாக நடப்பாள். மழையில் சோராத கொடி எது, பூச்சி அண்டாத கொடி எது என்று பார்த்துப் பார்த்துச் சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டுவாள். கட்டிய கொடியில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒருமுறை சந்தைக்கு எடை குறைகிறதே என்று ராஜையன் துணி கட்டிய கொடியிலிருந்து நாலு காயைப் பறித்துவிட்டான். அன்றைக்கு அவனுக்குக் கஞ்சி கிடைத்தது; கூட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிற சாக்கில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

நெற்று காய்ந்த பிறகும் எல்லா மணியும் வித்தாகாது. தலைப்பக்கத்து மணியும் வால்பக்கத்து மணியும் கறிக்கு. நடுவில் உள்ளதுதான் வித்துக்கு. அதனால் நெற்றை உடைக்காமல் வாழைநாரால் கட்டி, அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் தொங்கவிடுவாள். வைகாசியில் தொடங்குகிற இடவப்பாதி மழை முழுக்க அது அங்கே புகை குடித்துக்கொண்டு கிடக்கும். ஓணம் கழிந்து மழை தளர்ந்ததும் இறக்கி உடைப்பாள். அன்றைக்கு ஊரில் உள்ள டப்பாக்களும் குப்பிகளும் அவள் முற்றத்துக்கு வந்துவிடும். ஆளுக்கு ஒரு கை. பதிலுக்கு ஒன்றும் வாங்கமாட்டாள்.

ஆனால் பயறு குடித்த அதே புகையை அவளும் குடித்தாள். மழைக்காலம் வந்தால் எலிசாளுக்கு இழுப்பு வரும். பாயில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து இருந்து விடிய விடிய மூச்சுக்கு மல்லுக்கட்டுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பது ராஜையனுக்குத் தன் நெஞ்சையே யாரோ மிதிப்பது போல இருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து கொடுத்து, புகை ஆகாது என்றும் சொன்னார். ராஜையன் பஞ்சாயத்து ஆபீஸுக்கு நடையாய் நடந்தான். பாறசாலை முக்கில் முதல் எஸ்.டி.டி. பூத் திறந்த வருஷம் அது. சித்திரையில் அவன் வீட்டிலும் ஒரு புதுமை வந்தது. புகையில்லா அடுப்பு! செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, குழாய் ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. பக்கத்து வீட்டுச் சரசம்மா வந்து குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்து, "தீ இஞ்ச, பொக அஞ்சயா? கொள்ளாமே!" என்று மெச்சினாள்.

அந்த மழைக்கு எலிசாள் படுத்துத் தூங்கினாள். ராஜையன் அதைப் பார்த்துக்கொண்டே விழித்துக் கிடந்தான். சந்தோஷத்திலும் தூக்கம் வராது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஓணம் கழிந்தது. வெயில் அடித்த ஒரு காலையில் எலிசாள் ஸ்டூலைப் போட்டு ஏறி முதல் கட்டை இறக்கினாள். இறக்கும்போதே அவள் முகத்தில் மாவு கொட்டியது.

"இஞ்ச வாருங்க," என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

ராஜையன் கொல்லையிலிருந்து ஓடி வந்தான். அவள் ஒரு நெற்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே மணி இருக்க வேண்டிய இடத்தில் வட்ட வட்டமாய்த் துளை போட்ட வெறும் தோல். அதிலிருந்து ஒரு குட்டி வண்டு வெளியே வந்து, அவள் பெருவிரலில் சாவகாசமாக நடந்தது. இரண்டாவது கட்டும் அப்படி. மூன்றாவதும். ராஜையன் மீதிக் கட்டுகளை அண்ணாந்து பார்த்தான்.

"எல்லாமா?"

"எல்லாம்தான். பாகலுக்கு ஒண்ணுமில்ல, அது சாணகத்தில பதிச்சு செவுரில கெடக்கு. வெள்ளரியும் உறியில முழுசா இருக்கு. பயறுதான் போச்சு."

"எப்பிடிட்டீ போவும்? வருசா வருசம் கெடக்கிற எடம்தானே?"

எலிசாள் மூங்கில் கழியைத் தடவி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க. கரி பிடிக்கல்ல."

"கரி இல்லாட்டா நல்லதுதானே?"

"நமக்கு நல்லது. பயறுக்கு ஆரு காவல்? சூடு மட்டும் மேல போயிருக்கு, பொக போவல்ல. மழைக்காலத்தில இளஞ்சூடா ஒரு எடம். வண்டுக்கு நாம பேறுகால வீடு கெட்டிக் குடுத்திருக்கோம்."

ராஜையன் அடுப்பைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, விறகுப்புரைக்குப் போய்க் கம்பிப்பாரையை எடுத்து வந்துவிட்டான். தையல் கடைக்குப் போகப் புறப்பட்டு நின்ற மகள் ரெனி ஓடி வந்து குறுக்கே நின்றாள். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். பதறினால் அதுதான் முதலில் வரும். "அப்பா, பொளிக்கல்லே! அம்மைக்கு பின்னெயும் இழுப்பு வரும்!"

"நீ மாறு. நான்தான் கெட்டினேன். நானே பொளிச்சுப் போடுதேன். இவ இத்தன வருசம் கண்ணுமாதிரி காத்ததை நான் ஒரு குழாயை வச்சு..." அவன் பாரையை ஓங்கினான்.

"பாரைய கீழ வையுங்க." எலிசாள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "போன வருசத்து மழைக்கு நான் கெடந்த கெடப்பு ஓர்மையுண்டா? இந்த மழைக்கு ஒரு நாளெங்கிலும் இழுத்தேனா? அடுப்பு என்ன குற்றம் செய்தது? அடுப்பு மாறிச்சு. தூக்குத எடத்த நான் மாத்தல்ல. கை பழகின எடம், கொண்டு தூக்கினேன். யோசிச்சேனா? யோசிக்கல்ல. எனக்க மேல வச்சுப் பழியப் போடுங்க, அடுப்பு அஞ்ச நிக்கட்டு."

"ஒனக்க மேல எப்பிடிப் பழி போட?"

"அப்ப ஒருத்தருக்க மேலயும் போடாதீங்க. போய் ஒரு சாக்கு எடுத்துட்டு வாருங்க."

அழுவாள் என்று எதிர்பார்த்தவனுக்குச் சாக்கை எடுத்து வரும் வேலை வந்தது. முற்றத்தில் சாக்கை விரித்து எல்லாக் கட்டுகளையும் அதில் குவித்தாள். ஒவ்வொரு நெற்றாக உடைத்தாள். துளை விழாத மணி கிடைத்தால் சிரட்டையில் போட்டாள். ஒரு துளை மட்டும் விழுந்ததைக் கையில் உருட்டி, முளை கிளம்புகிற கண் பக்கத்தைப் பார்த்தாள். கண் தப்பியிருந்தால் அதையும் வைத்தாள். ராஜையனும் பக்கத்தில் இருந்து உடைத்தான். நல்ல மணி என்று நினைத்து அவன் போட்டதில் பாதியை அவள் எடுத்து வீசினாள். கோழிகள் சுற்றி நின்று வண்டைத் தின்று கொழுத்தன. அவற்றுக்குத்தான் அன்றைக்குத் திருவோணம்.

மத்தியானம் கஞ்சி ஆறிக் கெட்டியாகிவிட்டது. கிழங்கும் முளகுச் சம்மந்தித் துவையலும் மூடியபடி இருந்தன. எலிசாள் நிமிரவில்லை. கடைசியில் சிரட்டையில் சேர்ந்ததைத் தண்ணீரில் போட்டாள். மிதந்ததை அள்ளிக் கொட்டினாள். மூழ்கியது மட்டும் மிச்சம். அது ஒரு உள்ளங்கைக் குழி நிறைய இருந்தது, அவ்வளவுதான். உலகத்தில் உள்ள செம்மூக்கன் மொத்தமும் அவள் கையில் இருந்தது. ராஜையனுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் சரசம்மா ஹார்லிக்ஸ் குப்பியோடு வேலிப்படலைத் திறந்தாள். "பயறு உடச்சாச்சா பிள்ளே? எனக்கு இந்தத் தடவ ரெண்டு கை வேணும், கேட்டோ. கெழக்கு வெளையும் கொத்திக் கிளச்சுப் போட்டிருக்கேன்."

எலிசாள் சாக்கைக் காட்டினாள். சரசம்மா குனிந்து பார்த்தாள். எப்போதும் மூடாத அவள் வாய் திறந்தபடியே நின்றது. "எனக்க பத்மநாபா! இதென்ன கூத்து? அப்ப நாங்க என்ன வெதைக்க?"

"எனக்குத் தெரியாது மயினி. எனக்கிட்ட இல்ல."

எலிசாள் வாயிலிருந்து 'இல்ல' என்ற சொல் அந்த முற்றத்தில் விழுந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவள் சிரட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் அழுதாள்.

செய்தி ஊர் முழுக்கப் பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. சரசம்மா இருக்கும்போது எஸ்.டி.டி. எதற்கு? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் எல்லாரும் எலிசாளைச் சூழ்ந்துகொண்டார்கள். சாவு வீட்டில் கேட்பது போலச் சிலர் கேட்டார்கள். பாட்டத்துக்கு வயலெடுத்துப் பயறு போடுகிற சூடாமணி மட்டும் பல்லைக் காட்டினான். "எக்கா, நேரா சொல்லுங்க. தளவாய் அண்ணாச்சிக்கு மொத்தமா குடுக்க ஒளிச்சு வச்சிருக்கியளா?"

ராஜையனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "லே சூடாமணி! ஒனக்கு வித்து எதுக்குலே? காய்ச்சதில நல்ல காயெல்லாம் சந்தைக்கு. சொத்தக்காய் தோரனுக்கு. ஒரு நெத்து, ஒரேயொரு நெத்து, காயப் போட்டிருப்பியாலே நீ? நீ மட்டுமில்ல, இஞ்ச நிக்கிற ஒருத்தரெங்கிலும்? எலிசாளுக்க வீட்டில இருக்கேண்ணு எல்லாரும் தின்னு தீத்தாச்சு. இப்ப அவளையே கள்ளியாக்குதியளா?"

சூடாமணி தலையைச் சொறிந்தான். "ஒரு தமாசுக்குச் சொன்னேன் அண்ணே" என்றான். எலிசாள் ராஜையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்து அவன் கூடவே நடந்தான். கனால் கரை முடிந்தது. வீட்டு வேலியண்டை வந்ததும் அவள் கேட்டாள்: "ஒருத்தர்கூட வைக்கல்ல, இல்லியா?"

"ஒருத்தர்கூட இல்ல. நீ இருக்கிறது வரை அவங்களுக்கென்ன?"

"நான் இருக்கிறது வரை," என்று அவளும் சொன்னாள். பிறகு அடுப்பில் தீ மூட்டப் போய்விட்டாள்.

வயலை வெறுமனே போட முடியாது. ராஜையன் பஸ் ஏறிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பாக்கெட் வித்து வாங்கினான். வரும் வழியில் ஆரியசாலையில் தளவாய் கடைக்குள் தலையை நீட்டினான். அண்ணாச்சிக்குச் சங்கரன்கோவில் பக்கம். வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் அந்த மண் போகவில்லை. விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னவே சொல்லுதீரு? அந்தச் செவத்த மூக்கு இனிமே வராதா?"

"ஒரு கைக்குழி மிஞ்சியிருக்கு அண்ணாச்சி. அது மொளச்சாத்தான் உண்டு."

"ஏ, அத நெலத்துல போட்டு ஆடு மாடு மேயவிட்டுறாதீரும். வீட்டு வாசல்லயே போடச் சொல்லும். ஒரு காயிகூட எனக்கு அனுப்ப வேண்டாம், கேட்டீரா? எல்லாம் வித்துக்கே நிக்கட்டும்." அவர் சொன்னது எலிசாள் ஏற்கனவே முடிவு செய்ததுதான். ஒரு வியாபாரி தன் வாயால் சரக்கு வேண்டாம் என்றதைக் கேட்டு ராஜையன் மலைத்துப் போனான்.

கிணற்றங்கரைக்கும் அடுக்களைக்கும் நடுவில், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் எலிசாள் தடம் போட்டாள். சாம்பலும் காய்ந்த சாணகமும் சேர்த்து மண்ணைப் புட்டுமாவு போலப் பிசிறினாள். துளை விழுந்த மணிகளைத் தனி வரிசையில் நட்டாள். முழு மணிகள் நாலாம் நாள் தலை தூக்கின. துளை மணிகளில் சில மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து, இலை விரியாமல் மொட்டையாக நின்று வாடின. சில, யாரும் எதிர்பார்க்காதபடி, ஒச்சம் விழுந்த இலையோடு பிழைத்தன. அப்படிப் பிழைத்ததைக் கண்டால் எலிசாள் "வாடி எனக்க தங்கமே" என்று கொஞ்சுவாள். ராஜையனை அவள் அப்படிக் கொஞ்சியதில்லை. அதை அவன் சொல்லியும் காட்டினான்.

"ஒங்கள வண்டு தின்னல்லியே," என்றாள் அவள்.

கொடி பந்தலேறியது, பூத்தது, காய்த்தது. பச்சைப் பசேலென்று சிவந்த மூக்கோடு காய்கள் வீட்டு வாசலில் தொங்கின. ரெனிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "அம்மே, ஒரு பிடி. ஒரே ஒரு தோரன்." எலிசாள் முருங்கையிலையைப் பறித்துக் கொடுத்தாள்.

அப்புறம் ஐப்பசியில் துலாமழை வந்தது. காலையில் வெயில், மத்தியானம் திரண்ட மேகம், மூன்று மணிக்கு இடியும் மழையும். வித்துக்கு விட்ட காய் மஞ்சளித்து நெற்றாகத் தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் அது கொட்டியது. நனைந்த நெற்று கொடியிலேயே முளைத்துவிடும். அல்லது பூசணம் பூத்துவிடும். ராஜையன் தென்னோலை முடைந்து பந்தலுக்கு மேல் கூரை இறக்கினான். இரண்டாம் நாள் காற்று அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டது. எலிசாள் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடியோடு நின்றாள். பார்த்தால் சிரிப்பு வரும், கூடவே அழுகையும் வரும். இழுப்புக்காரி மழையில் நிற்கிறாள், பயறு நனையக் கூடாதென்று.

"கேறி வாட்டீ உள்ள! நீ செத்தா எனக்குப் பயறு எதுக்கு?" என்று ராஜையன் கத்தினான்.

"இது கொழுந்தில்ல, மூப்பெத்துனது. இன்னும் நாலு வெயிலு கிட்டினா போதும்," என்று அவள் அங்கிருந்தே பதில் சொன்னாள்.

அந்த மழையில் தலையில் சுருட்டிய தார்ப்பாயோடு வேலியைத் தாண்டி வந்தவன் சூடாமணி. மரச்சீனிக் கிழங்கு மூட வைத்திருந்த தார்ப்பாய் அது. ராஜையனும் அவனுமாகப் பந்தலில் அதன் நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடித்து, நனைந்த கோழி மாதிரி நின்ற சூடாமணிக்கு எலிசாள் சுக்குக்காப்பி கொடுத்தாள். "தமாசு ஒண்ணுமில்லியா இண்ணைக்கு?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு குடித்தான்.

நெற்று தப்பியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், பனியும் வெயிலும் மாறி மாறி அடித்த நாட்களில் எலிசாள் அதைப் பறித்துக் காயப்போட்டு உடைத்தாள். தலையும் வாலும் தள்ளினாள். முறத்தில் சிவந்த மணிகள் குவிந்தபோது ராஜையன் அதில் கையைவிட்டு அளைந்தான். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"இனி இத அடுப்புக்குப் பக்கத்திலயே கொண்டு போகாத. குப்பியில சாம்பல் போட்டு அடச்சு மெழுகு வச்சிருவோம்," என்றான்.

"குப்பி கொள்ளாம். சாம்பலும் கொள்ளாம், நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு எலிசாள் ரெனியை அனுப்பி ஊரைக் கூப்பிட்டாள்.

குப்பி கொண்டு வரச் சொல்லவில்லை. குப்பி இல்லாமலே வந்தார்கள். சரசம்மா, சூடாமணி, கனால் கரை வீட்டுக்காரர்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். எலிசாள் வாழையிலைக் கீற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை அள்ளி வைத்தாள். ஒரு பொதியை எடுத்து ராஜையனிடம் கொடுத்தாள். "இது தளவாய் அண்ணாச்சிக்கு. ஊருக்குப் போவும்போ, அஞ்ச வெவசாயம் பாக்குத அவருக்க தங்கச்சிகிட்ட குடுக்கச் சொல்லுங்க. மழையில்லாத ஊரு, அஞ்ச வண்டு அடுக்காது." முறத்தில் மணி குறைந்துகொண்டே வந்தது. ராஜையன் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் கை சூடாமணிக்குப் போனது. எலிசாள் முறத்தைக் கவிழ்த்துத் தட்டினாள்.

ராஜையன் எட்டி முறத்தைத் திருப்பிப் பார்த்தான். "ஏட்டீ! நமக்கு?"

"நமக்கு இல்ல."

கூட்டம் சலசலத்தது. எலிசாளின் நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. பேசிப் பழக்கமில்லாதவள், சர்ச்சில் ஜெபம் பண்ணச் சொன்னாலே விக்குவாள்.

"கேளுங்க. இந்தத் தடவ நான் ஒண்ணும் வைக்கல்ல. வெதைக்கவும் போறதில்ல. எனக்க வீட்டில இருந்துது, ஒரே வண்டு எல்லாருக்குள்ளதையும் தின்னிட்டு. நாளைக்கு எனக்க வீட்டில தீ பிடிக்கும், இல்லேண்ணா எனக்க மூச்சு நிக்கும். அப்பவும் நீங்க குப்பியத் தூக்கிட்டு இஞ்சதான் வருவிய. அது வேண்டாம். தைமாசம் வெதையுங்க, சித்திரையில நல்லதில பத்து நெத்து காயப் போடுங்க. ஓணம் கழிஞ்சு நான் குப்பி கொண்டு வருவேன். எனக்குத் தரணும்."

"நீயா? எங்க வீட்டுக்கா?" என்றாள் சரசம்மா.

"நான்தான். தராட்டா எனக்குப் பயறு இல்ல. அவ்வளவுதான்."

எல்லாரும் கையில் இருந்த கீற்றைக் குனிந்து பார்த்தார்கள். இதுவரை வாங்கும்போதெல்லாம் அது இனாம், இப்போது கனத்தது. ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சூடாமணி வேலிவரை போய்த் திரும்பி வந்து, "எக்கா, எங்க தூக்கணும்? எனக்கது ஆஸ்பெட்டாஸ் கூர, வேகும்," என்று கேட்டான். எலிசாள் அவனோடு அரைமணி நேரம் நின்று பேசினாள். ராஜையன் அன்றைக்கு அவளோடு பேசவில்லை. பேசினால் சண்டை வந்துவிடும்.

அந்த எட்டு மாதம் ராஜையன் பட்ட பாடு கொஞ்சமல்ல. தங்கள் வயலில் வெள்ளரி போட்டார்கள், நன்றாகவே காய்த்தது, அவனுக்கு அது கண்ணில் படவில்லை. ஊரில் யார் வீட்டைத் தாண்டினாலும் கழுத்தைத் திருப்பி அடுக்களைப் பக்கம் பார்ப்பான். சந்தையில் செம்மூக்கன் கட்டுக் கட்டாக வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புவான். "எல்லாத்தையும் விக்கியானுவ எலிசாளே. ஒரு பயலும் வைக்கமாட்டான். நீ பைத்தியக்காரியாட்டம் கவுத்துத் தட்டிட்ட."

"வைப்பாவ," என்பாள் அவள். சில நாள் அதையும் சொல்லமாட்டாள். அவளுக்கும் பயம் இருந்தது. பயத்தை வைத்துக்கொண்டே வெள்ளரித் தடத்தில் களை பறித்தாள். அப்படிப்பட்டவளை என்ன செய்ய? ராஜையனுக்குக் கோபப்படவும் முடியவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நிற்கத்தான் முடிந்தது.

இடவப்பாதி கொட்டித் தீர்த்தது. ஓணம் வந்து போனது. எலிசாள் குளித்து, சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டி, காலிக் குப்பியை எடுத்தாள். "நீங்களும் வாருங்க," என்றாள். குப்பியை முந்தானையால் இரண்டு தடவை துடைத்தாள். இத்தனை வருஷம் கொடுத்த கை; கேட்டுப் பழக்கமில்லை.

முதலில் கனால் கரை வீடு. அங்கே உள்ளதெல்லாம் ஈரம் பட்டுப் பூத்துப் போயிருந்தது. வீட்டுக்காரி அதைக் காட்டி அழுதே விட்டாள். எலிசாள் அவள் தோளைத் தட்டினாள். அடுத்து சூடாமணி வீடு. அவன் தட்டியை விலக்கி, கிணற்றுச் சுவரில் நிழல் பட்ட பக்கம் மண்ணில் பதித்து வைத்த குடத்தைக் காட்டினான். சாம்பலுக்குள் கையை விட்டுக் கிளறினான். மணிகள் மினுமினுத்தன. "தெனமும் வந்து ஒரு தடவ தொட்டுப் பாப்பேன் எக்கா. பெஞ்சாதி சிரிப்பா," என்றான். ராஜையன் அவனைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

கடைசியில் சரசம்மா வீடு. சரசம்மா வாசலில் நின்று எலிசாளை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நில்லு பிள்ளே, கையில வேல இருக்கு," என்று உள்ளே போய்விட்டாள். வேலை ஒன்றுமில்லை என்பது மூவருக்கும் தெரியும். எலிசாள் முற்றத்தில் காத்து நின்றாள். வெகுநேரம் கழித்துச் சரசம்மா, கரி படிந்த ஒரு நெற்றுக் கட்டோடு வந்தாள். முறத்தை மடியில் வைத்து, ஒவ்வொன்றாக உடைத்துத் தலையும் வாலும் தள்ளினாள். ஒரு மணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கோழிக்கு எறிந்தாள். எலிசாளேகூட அந்த மணியைத் தள்ளியிருக்க மாட்டாள்.

பிறகு ஒரு கை அள்ளினாள். எலிசாள் குப்பியை நீட்டினாள். சரசம்மா உடனே போடவில்லை.

"பாத்துக் கொண்டு போணும், கேட்டோ. ஒண்ணும் கீழ சிந்தப்பிடாது. நல்ல எடமாப் பாத்து வச்சுக்கணும். எனக்க வித்தாக்கும் இது."

ராஜையனுக்குச் சுருக்கென்றது. 'யாருக்க வித்து?' என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் எலிசாள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை, மூச்சு ஒருதரம்கூட இழுக்காமல் சிரித்தாள்.

"ஆமா மயினி, உங்களுக்க வித்துதான். எனக்கும் ஒரு கை தாருங்க," என்று குப்பியை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினாள்.